எனர்ஜி மீட்டர்களின் கடிகாரத்தை ஸ்கிரிப்ட் வைத்துத் திருத்துவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: ஒரு நூற்பாலையில் 60 எனர்ஜி மீட்டர்கள், ஆர்.எஸ்.-485 கம்பி வழியே மோட்பஸில் (கருவிகளும் கணினியும் தரவு பரிமாறும் நெறிமுறை) இணைக்கப்பட்டுள்ளன. எல்லாம் ஆலைக்குள் இருக்கும் சப்-மீட்டர்கள். ஒவ்வொன்றின் கடிகாரமும் ஒவ்வொரு நேரம் காட்டுகிறது. ஆலைக்குள் மின்சாரம் நுழையும் இன்கமரின் 15 நிமிட டிமாண்டும் (அந்தப் 15 நிமிடத்தின் சராசரி கிலோவாட்) அங்கிருந்து பிரியும் ஃபீடர்களின் கூட்டுத்தொகையும் ஒத்துப்போவதில்லை. தினமும் நள்ளிரவில் ஒரு பைதான் ஸ்கிரிப்ட் ஓடி எல்லா மீட்டர்களுக்கும் நேரத்தை எழுதிவிட்டால் போதாதா?

போதாது. நேரத்தை எழுதும் வேலை நான்கைந்து வரிகளில் முடிந்துவிடும். எப்போது எழுதக் கூடாது என்பதை முடிவுசெய்யும் பகுதிதான் ஸ்கிரிப்டின் பெரும்பகுதியாக இருக்க வேண்டும். கையால் திருத்துபவர் தவறினால் ஒரு மீட்டர் கெடும். ஸ்கிரிப்ட் தவறினால் 60 மீட்டரும் ஒரே அளவில், ஒரே நேரத்தில் கெடும். எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதால் மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாது. அதிலும் நள்ளிரவு 12 மணி இருப்பதிலேயே மோசமான நேரம். காரணம் பின்னால் வருகிறது.

முதலில் விலகல் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். மீட்டருக்குள் இருப்பது 32.768 கிலோஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் படிகம். 20 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 20 பங்கு) பிழை என்றால் நாளுக்கு 1.7 விநாடி, மாதத்துக்கு ஏறக்குறைய 52 விநாடி. மீட்டர் கடிகாரங்களுக்கான ஐ.இ.சி. தரம் 23 டிகிரி வெப்பநிலையில் நாளுக்கு அரை விநாடிக்குள் இருக்கச் சொல்கிறது. ஆனால் உங்கள் பேனலுக்குள் 23 டிகிரி எங்கே இருக்கிறது? இந்தப் படிகம் 25 டிகிரியை ஒட்டித்தான் சரியாக ஓடும். அதிலிருந்து விலகும் டிகிரியின் வர்க்கத்தை 0.034-ஆல் பெருக்கினால் எத்தனை பி.பி.எம். மெதுவாகும் என்று தெரியும். 45 டிகிரியில் 13.6 பி.பி.எம்., அதாவது நாளுக்கு 1.2 விநாடி. 55 டிகிரியில் 2.6 விநாடி. சூடானாலும் குளிர்ந்தாலும் மெதுவாகத்தான் ஆகும், வேகமாகாது. வெப்பநிலைக்கு ஈடுசெய்யாத மலிவான மீட்டர்கள் சூடான பேனலில் பெரும்பாலும் பின்தங்கியே நிற்பது இதனால்தான். ஸ்பின்னிங் ஹாலில் உள்ள மீட்டரும் ஏ.சி. அறையில் உள்ள மீட்டரும் ஒரே மாடலாக இருந்தும் வேறு வேறு நேரம் காட்டுவதற்கும் இதுவே காரணம்.

இது டிமாண்டை எப்படிக் கெடுக்கிறது? ஒரு ஃபீடர் மீட்டர் 4 நிமிடம் பின்தங்கியிருக்கிறது என்று கொள்ளுங்கள். சரியாக 10 மணிக்கு 400 கிலோவாட் சுமை அதில் ஏறுகிறது. அந்த மீட்டர் ‘9:45 முதல் 10:00 வரை’ என்று பதிவதோ உண்மையில் 9:49 முதல் 10:04 வரையிலான காலம். ஆகவே சுமையே இல்லாத பிளாக்கில் (15 நிமிடத் துண்டில்) 107 கிலோவாட் காட்டும். இன்கமர் சரியான நேரத்தில் இருந்தால் அந்த ஒரு பிளாக்கில் மட்டும் கணக்கு 107 கிலோவாட் உதைக்கும். நாள் மொத்த யூனிட் சரியாகவே இருக்கும், அதனால் சி.டி. (மின்னோட்ட மாற்றி) விகிதத்தையும் வயரிங்கையும் சந்தேகித்து நாட்களை வீணாக்குவார்கள்.

இதிலிருந்தே எவ்வளவு துல்லியம் தேவை என்பதும் தெரிகிறது. 15 நிமிடம் என்பது 900 விநாடி. 5 விநாடி விலகல் அதில் 0.56 சதவீதம். டிமாண்ட் கணக்குக்கு 5 விநாடிக்குள் இருந்தால் தாராளம். மில்லிவிநாடி அளவில் பிரேக்கர் டிரிப் வரிசையை ஆராய வேண்டுமென்றால் இந்த வழியே உதவாது. அதற்கு ஐரிக்-பி அல்லது பி.டி.பி. என்ற துல்லிய நேர ஒத்திசைவு வசதியுள்ள மீட்டரும் ஜி.பி.எஸ். கடிகாரமும் வேண்டும்.

ஸ்கிரிப்ட் ஓடும் கணினியின் நேரம்

சரியான நேரம் இல்லாத கணினியிலிருந்து எழுதுவதைவிட எழுதாமலே விடுவது மேல். லினக்ஸ் என்றால் நேரத்தை ஒத்திசைக்கும் குரோனி மென்பொருளை நிறுவுங்கள். இந்தியாவில் சி.எஸ்.ஐ.ஆர். தேசிய இயற்பியல் ஆய்வகமும் தேசியத் தகவல் மையமும் என்.டி.பி. (பிணையம் வழியே நேரம் தரும்) சர்வர்கள் நடத்துகின்றன, 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவும் இவற்றோடு, அல்லது இவற்றிலிருந்து நேரம் பெறும் சர்வரோடு கணினிகளை ஒத்திசைக்கச் சொல்கிறது. ஆலையின் ஃபயர்வாலில் என்.டி.பி.-க்கான யு.டி.பி. 123 போர்ட் மூடியிருந்தால் குரோனி ஓடிக்கொண்டுதான் இருக்கும், நேரம் மட்டும் வராது. ஆகவே சர்வீஸ் ஓடுகிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. ஸ்கிரிப்ட் தொடங்கியதும் குரோனியின் டிராக்கிங் நிலையைப் படித்து, ஒத்திசைவு உண்டு என்றும் பிழை 0.1 விநாடிக்குள் என்றும் உறுதியான பிறகே அடுத்த வரிக்குப் போக வேண்டும். இல்லையென்றால் ஒரு மீட்டரையும் தொடாமல் வெளியேறட்டும்.

ராஸ்பெரி பை வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கவனியுங்கள். பை 4 வரையிலான போர்டுகளில் பேட்டரியில் ஓடும் கடிகாரமே இல்லை. பை 5-இல் உண்டு, ஆனால் பேட்டரியைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். மின்தடைக்குப் பிறகு நெட் வருவதற்குள் போர்டு பழைய நேரத்தோடு எழும்பும். டி.எஸ். 3231 சிப் உள்ள சிறிய மாட்யூல் ஒன்றைப் பொருத்துங்கள்; 0 முதல் 40 டிகிரி வரை அதன் பிழை 2 பி.பி.எம்., அதாவது நாளுக்கு 0.17 விநாடிதான்.

அடுத்தது நேர மண்டலம். டாக்கர் கன்டெய்னருக்குள் ஓடும் பைதான், வேறு சொல்லாவிட்டால், யு.டி.சி. (உலகப் பொது) நேரத்தைத்தான் தரும். அதை அப்படியே எழுதினால் எல்லா மீட்டர்களும் 19,800 விநாடி, அதாவது ஐந்தரை மணி நேரம் பின்னால் போகும். நிரலில் ‘ஆசியா/கொல்கத்தா’ மண்டலத்தை வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள், கணினியின் அமைப்பை நம்பாதீர்கள். மீட்டரில் கோடைகால நேர வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள்.

மோட்பஸில் எழுதுவது

மோட்பஸ் தரத்தில் கடிகாரத்துக்கென்று ஒரு பொது முகவரி கிடையாது. சில மீட்டர்களில் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி தனித்தனி ரெஜிஸ்டர்கள் (மீட்டருக்குள் எண்ணிட்ட நினைவிடங்கள்). சிலவற்றில் ஒரே ரெஜிஸ்டரில் மாதமும் நாளும் சேர்ந்திருக்கும். சிலவற்றில் பி.சி.டி. (ஒவ்வொரு பதின்ம இலக்கத்துக்கும் நான்கு பிட்) வடிவம். சிலவற்றில் 32 பிட் விநாடி எண்ணிக்கை. அதன் தொடக்கம் 1970-ஆ 2000-ஆ என்று கையேட்டில் பாருங்கள், இரண்டுக்கும் இடையே 94,66,84,800 விநாடி. இன்னும் சில மீட்டர்கள் முதலில் கடவுச்சொல்லை ஒரு ரெஜிஸ்டரில் எழுதச் சொல்லும், அல்லது முன்பலகையில் ‘கம்யூனிகேஷன் ரைட்’ அனுமதியைத் திறந்தால்தான் ஏற்கும். கையேட்டில் 40001-இலிருந்து எண்ணியிருந்தால் நிரலில் ஒன்று குறைத்துப் போட வேண்டியிருக்கும். இதைச் சோதிக்க எழுதிப் பார்க்காதீர்கள், படித்துப் பாருங்கள். ஆண்டு, மாதம் என வரிசையாகச் சரியான எண்கள் வந்தால் முகவரி சரி.

எல்லா ரெஜிஸ்டர்களையும் மோட்பஸின் ஃபங்ஷன் 16 கட்டளை மூலம் ஒரே செய்தியில் எழுதுங்கள். ஒவ்வொன்றாக எழுதினால் 10:59:59-க்கும் 11:00:00-க்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் பிசகும். ஏழு ரெஜிஸ்டர் எழுதும் செய்தி 23 பைட்; 9600 பாட், ஈவன் பாரிட்டியில் 26 மில்லிவிநாடியில் போய்ச்சேரும். இதைப் பொருட்படுத்த வேண்டாம். பொருட்படுத்த வேண்டியது கேட்வேயின் (மீட்டர் கம்பியைக் கணினிப் பிணையத்தோடு இணைக்கும் பெட்டி) வரிசை. அதே கேட்வே வழியே ஆலையைக் கண்காணிக்கும் ஸ்காடா மென்பொருளும் மீட்டர்களைக் கேட்டுக்கொண்டிருந்தால் உங்கள் செய்தி விநாடிக்கணக்கில் காத்திருக்கலாம், குறிப்பாக இறந்துபோன ஒரு மீட்டருக்காக கேட்வே மூன்று முறை டைம்-அவுட் பார்க்கும்போது. எனவே ஒவ்வொரு மீட்டருக்கும் எழுதும் கணத்தில்தான் நேரத்தை எடுக்க வேண்டும். லூப்புக்கு வெளியே ஒரு முறை எடுத்து அறுபதுக்கும் அனுப்புவது அடிக்கடி காணும் பிழை. அடுத்த முழு விநாடி பிறக்கும்வரை காத்திருந்து எழுதுங்கள், ஏனென்றால் பெரும்பாலான மீட்டர்கள் விநாடியை எழுதியதும் அதன் பின்னத்தைச் சுழியமாக்கிவிடும். பதில் வர அரை விநாடிக்கு மேல் ஆனால் அந்தத் திருத்தத்தை நம்பாமல் மறுபடி படித்துப் பாருங்கள்.

மோட்பஸ் முகவரி 0 என்பது பிராட்காஸ்ட். ஒரே செய்தியில் எல்லா மீட்டர்களும் நேரம் மாறும் என்பதால் ஆசை வரும். வேண்டாம். பதில் வராது, எந்த மீட்டர் ஏற்றது என்று தெரியாது. அதைவிடப் பெரிய ஆபத்து, அதே கம்பியில் வேறு மாடல் ஒன்று இருந்தால் உங்களுக்குக் கடிகாரமான ரெஜிஸ்டர் அதற்கு சி.டி. விகிதமாக இருக்கலாம். மோட்டார் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. இருந்தால் அதற்கு வேறொன்றாக இருக்கலாம். கம்பியில் ஒரே மாடல்தான் என்று இன்று உறுதியாக இருந்தாலும், அடுத்த ஆண்டு எலெக்ட்ரீஷியன் வேறு மீட்டர் மாட்டும்போது இந்த ஸ்கிரிப்டை நினைக்கமாட்டார். இதே காரணத்தால், எழுதும் முன் ஒவ்வொரு மீட்டரின் மாடல் எண்ணையோ வரிசை எண்ணையோ படித்துப் பட்டியலோடு ஒப்பிடும் ஒரு படியையும் சேர்த்துவிடுங்கள்.

எழுதலாமா என்ற முடிவு

மீட்டர் நேரத்திலிருந்து சரியான நேரத்தைக் கழித்து வருவதை விலகல் என்போம். மீட்டர் முழு விநாடியைத்தான் காட்டும் என்பதால் இதில் ஒரு விநாடி வரை சந்தேகம் உண்டு, பரவாயில்லை. தினமும் படியுங்கள். விலகல் 5 விநாடிக்குள் இருந்தால் எழுதாதீர்கள். நாளுக்கு ஒன்றரை விநாடி விலகும் மீட்டருக்கு நான்கு நாளுக்கு ஒருமுறைதான் எழுத வேண்டிவரும், நல்ல மீட்டருக்குப் பத்து நாளுக்கு ஒருமுறை. 5-க்கு மேல் 60 விநாடி வரை என்றால் தானாகத் திருத்தலாம். 60-க்கு மேல் என்றால் தானாகத் திருத்த வேண்டாம், மின்னஞ்சலோ எஸ்.எம்.எஸ்.-ஓ அனுப்பட்டும். தினமும் பார்க்கும் மீட்டரில் ஒரே நாளில் ஒரு நிமிடம் விலகல் வருவது படிகத்தின் வேலை அல்ல. அதற்கு வேறு காரணம் இருக்கிறது, அதை மனிதர் ஒருவர்தான் பார்க்க வேண்டும்.

ஒரே விதிவிலக்கு, ஆண்டு 2000 போன்ற, உற்பத்தியாளர் வைத்த தொடக்கத் தேதிக்குப் போன மீட்டர். உள்பேட்டரி தீர்ந்து, மின்சாரமும் போய் வந்திருக்கிறது. அது தவறான தேதியில் பதிவுகளைக் குவித்துக்கொண்டிருப்பதால் உடனே எழுதுவது நல்லது. ஆனால் ‘பேட்டரி மாற்று’ என்ற எச்சரிக்கையும் போக வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் ஸ்கிரிப்ட் அதை மூடிமறைத்துக்கொண்டே இருக்கும்.

இன்னொரு காப்பு: எதையும் எழுதுவதற்கு முன் எல்லா மீட்டர்களையும் படித்து முடியுங்கள். பாதிக்கு மேற்பட்டவை ஒரே திசையில் 60 விநாடிக்கு மேல் விலகியிருந்தால் தவறு மீட்டர்களிடம் இல்லை, கணினியிடம் இருக்கிறது. அத்தோடு நின்றுவிட வேண்டும். குரோனி சோதனையையும் தாண்டி வரும் நேர மண்டலப் பிழையை இந்த ஒரு வரிதான் பிடிக்கும்.

எந்த நேரத்தில் ஓட விடுவது

15 நிமிட பிளாக்கின் எல்லையைத் தாண்டி நேரம் நகரக் கூடாது. 10:14:58 காட்டும் மீட்டரை 10:15:03 ஆக்கினால் பிளாக் அவசரமாக மூடப்படும். 10:15:03-ஐ 10:14:58 ஆக்கினால் ஒரே பிளாக் இரண்டு முறை மூடும். லோட் ப்ரொஃபைலில் (பிளாக் வாரியான பதிவில்) ஒரே நேரமுத்திரையோடு இரண்டு வரிகள் வரும், டேட்டாபேஸ் இரண்டாவதை நிராகரிக்கலாம் அல்லது முதலாவதன் மேல் எழுதலாம். நள்ளிரவு இன்னும் மோசம்: நாள் யூனிட் உறைவதும், மாதத்தின் முதல் தேதியானால் மேக்ஸிமம் டிமாண்ட் ரீசெட் ஆவதும் 00:00-இல்தான். கடிகாரம் பின்னால் போய் மறுபடி நள்ளிரவைக் கடந்தால் ரீசெட் இருமுறை நடக்கலாம்.

அதனால் பிளாக்கின் நடுப்பகுதி. 02:07 நல்ல நேரம். 15 நிமிட பிளாக்குக்கும் 30 நிமிட பிளாக்குக்கும் பொருந்தும். அதை நம்பி விட்டுவிடாமல், எழுதும் கணத்தில் மீட்டரின் பழைய நேரமும் புதிய நேரமும் ஒரே பிளாக்கில் விழுகின்றனவா என்று நிரலிலேயே சோதியுங்கள். 900-ஆல் வகுத்து வரும் ஈவு இரண்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பிளாக்குக்குள்ளேயே 5 விநாடி முன்னே தள்ளினாலும் அந்த பிளாக் 895 விநாடி ஆகும். டிமாண்டை 900-ஆல் வகுக்கும் மீட்டரில் அந்த ஒரு மதிப்பு அரை சதவீதம் குறைவாக வரும். இரவு 2 மணிக்கு அது உச்ச டிமாண்டாக இருக்கும் வாய்ப்பும் குறைவு.

ஸ்கிரிப்டைக் குறித்த நேரத்தில் ஓட்ட, லினக்ஸில் கிரானைவிட சிஸ்டம்டி டைமரையே பரிந்துரைப்பேன், ஆனால் அதன் இரண்டு அமைப்புகளைக் கவனியுங்கள். டைமர் குறித்த நேரத்திலிருந்து ஒரு நிமிடம் வரை தாமதிக்கலாம் என்பது அதன் இயல்பு. ‘அக்யூரசி’ அமைப்பை ஒரு விநாடி ஆக்குங்கள். ‘பெர்சிஸ்டென்ட்’ அமைப்பை அணைத்தே வையுங்கள்: அது இயங்கினால், இரவில் கணினி அணைந்திருந்து காலையில் எழும்பும்போது விட்ட வேலையை உடனே ஓட்டும், கணினியின் நேரம் இன்னும் சரியாகாத அதே கணத்தில். விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரிலும் விட்ட வேலையை உடனே தொடங்கும் தேர்வைக் குறிக்காமல் விடுங்கள். கிரான்தான் என்றால் ஃப்ளாக் (flock) கட்டளை மூலம் பூட்டுப் போடுங்கள், முந்தைய ஓட்டம் தொங்கி நின்றால் இரண்டாவது தொடங்காது. கணினி யு.டி.சி.-யில் இருந்தால் கிரானின் 02:07 உங்களுக்குக் காலை 7:37. ஐந்தரை மணி என்பது பிளாக்கின் முழு மடங்கு என்பதால் எல்லை தப்பிக்கும், ஆனால் காலைச் சுமையின் நடுவில் திருத்தம் நடக்கும்.

டி.எல்.எம்.எஸ். மீட்டர்கள்

சில மீட்டர்கள் மோட்பஸுக்குப் பதில் டி.எல்.எம்.எஸ். என்ற மீட்டர் நெறிமுறையில் பேசும், இந்தியாவில் அதற்கான தரம் ஐ.எஸ். 15959. பைதானில் குருக்ஸ் நூலகம் இதற்குப் போதும். கடிகாரம் 0.0.1.0.0.255 என்ற ஓபிஸ் குறியீட்டில் (மீட்டரில் ஒவ்வொரு தரவுக்கும் உள்ள அடையாள எண்), வகுப்பு 8, இரண்டாம் பண்பு. படிப்பதற்குக் குறைந்த உரிமையுள்ள கிளையன்ட் போதும். எழுதுவதற்கு 48 என்ற ‘யுட்டிலிட்டி செட்டிங்’ கிளையன்டும் உயர்நிலைப் பாதுகாப்புச் சாவியும் தேவை. சாவியை மீட்டர் விற்றவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

12 பைட்டில் நேரம் போகும். அதில் இரண்டு இடங்களில் பிசகும். கிழமைக்குத் திங்கள் 1. பைதானின் ஒரு செயல்கூறு திங்களை 0 என்று தரும், மற்றொன்று 1 என்று தரும். அடுத்தது யு.டி.சி. வித்தியாசம்: தரப்படி இந்தியாவுக்கு மைனஸ் 330 நிமிடம், ஆனால் பிளஸ் 330 எதிர்பார்க்கும் மீட்டர்களும் உண்டு. மீட்டரிலிருந்து படித்தபோது என்ன குறி வந்ததோ அதையே திருப்பி எழுதுவது பாதுகாப்பு. கடிகார வகுப்பின் ஆறாவது மெத்தட் கடிகாரத்தை 900 விநாடி வரை முன்னோ பின்னோ நகர்த்தும். மீட்டர் அதை ஆதரித்தால் முழு நேரத்தை எழுதுவதைவிட அது சிறந்தது, பிணையத் தாமதம் பொருட்டே இல்லை.

ஒவ்வொரு முறை கடிகாரம் மாறும்போதும் இந்த மீட்டர்கள் 151 என்ற நிகழ்வைப் பதியும். பதிவேட்டில் இடம் குறைவு. நிரம்பினால் பழையது போய்விடும். தினமும் கண்மூடித்தனமாக எழுதினால் சில வாரங்களில் அந்தப் பட்டியல் முழுவதும் உங்கள் ஸ்கிரிப்டின் தடமாகவே இருக்கும். யாரோ டிமாண்ட் கால அளவை மாற்றியதற்கான பதிவு அதில் கரைந்துபோகும். 5 விநாடி வரம்பு இதற்காகவும்தான்.

தொடங்கும் முறையும் பதிவும்

முதல் இரண்டு வாரம் படிக்க மட்டும் செய்யுங்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் தேதி, மீட்டர் எண், முந்தைய விலகல், செய்த செயல், பிந்தைய விலகல் ஆகிய ஐந்தையும் ஒரு சி.எஸ்.வி. கோப்பில் சேருங்கள். இப்போது நிமிடக்கணக்கில் விலகியிருக்கும் மீட்டர்களை ஒரு விடுமுறை நாளில் கையால் சரிசெய்து பதிவேட்டில் குறியுங்கள். பிறகு நான்கு மீட்டர்களுக்கு மட்டும் எழுத அனுமதி கொடுங்கள், ஒரு வாரம் கழித்து மற்றவற்றுக்கு.

அந்தக் கோப்பே நல்ல நோய்க்குறிப்பு. சீராக நாளுக்கு ஒரு விநாடி என்றால் படிகம். கோடையில் மட்டும் கூடினால் பேனல் சூடு. ஃபேன் ஃபில்டரைப் பாருங்கள். சரியாக 19,800 விநாடி தாவினால் வேறொரு மென்பொருளும் அதே மீட்டருக்கு யு.டி.சி. எழுதுகிறது, பெரும்பாலும் கேட்வேயின் சொந்த ‘டைம் சிங்க்’ வசதி. இரண்டில் ஒன்றை அணையுங்கள். 3,600 என்றால் கோடைகால நேரம். எழுதியது வெற்றி என்று பதில் வந்தும் மறுநாள் பழைய விலகலே இருந்தால் எழுத்துப் பூட்டு, அல்லது ஒரே முகவரியில் இரண்டு மீட்டர்கள்.

கடைசியாக ஈ.பி. மீட்டர். அது மின்வாரியத்துடையது, சீல் வைத்தது. அதன் கடிகாரத்தைத் தொட உங்களுக்கு உரிமையில்லை, ஸ்கிரிப்டின் பட்டியலில் அதன் முகவரியே இருக்கக் கூடாது. அது இரண்டு நிமிடம் தவறாக இருந்தால் தேதி, திரையில் காட்டிய நேரம், சரியான நேரம் மூன்றையும் குறிப்பிட்டு வாரிய அலுவலகத்துக்குக் கடிதம் கொடுங்கள். அவர்கள் திருத்தும்வரை ஒப்பீட்டு அறிக்கையில் அந்த இரண்டு நிமிடத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். அதற்காக உங்கள் 60 மீட்டர்களையும் தவறான நேரத்துக்கு மாற்றாதீர்கள்.